மூன்றாம் பெஞ்சும் நான்கு விடைகளும்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால்: பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, மூன்றாம் பெஞ்சின் இடது பின்னங்கால், இன்று காலை முதல் பீரியடில், எல்லோரும் வணக்கம் சொல்லி உட்கார்ந்த அதே நொடியில் இயற்கை எய்தியது. அன்னாரின் வயது தெரியவில்லை. பலகைக்கு அடியில் செதுக்கியிருக்கும் பெயர்களைப் பார்த்தால் எங்கள் அப்பாவின் வகுப்புத்தோழராக இருக்கலாம். அன்னாரைப் பிரிந்து வாடுவோர்: மீதி மூன்று கால்கள், பேச்சிமுத்து ஆகிய நான், ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துவரும் உயிர் நண்பன் மாரிச்செல்வம்.

கால் போனதும் பெஞ்ச் மாரியின் பக்கம் சாய்ந்தது. நான் தற்செயலாக இன்னும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தேன். மாரி தரையில். அவனுடைய சோற்று டப்பா அவனுக்கு முன்பே தரையில். புளிச்சோறு கரும்பலகை வரைக்கும் போயிருந்தது. அவன் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. நான்தான் கை கொடுத்துத் தூக்கினேன். வகுப்பே சிரித்தது. மாரி சிரிக்கவில்லை. அவன் பொதுவாகச் சிரிக்கிற ஆள் கிடையாது, பேசுகிற ஆளும் கிடையாது. வகுப்பின் சிரிப்புத் துறைக்குப் பொறுப்பு நான்.

வாட்ச்மேன் இசக்கி அண்ணாச்சி வந்து குனிந்து பார்த்தார். “காலு ஒடியல டீச்சர். போல்ட்டக் காணும். எவனோ கழட்டிருக்கான்.”

உலகம் எவ்வளவு பொல்லாதது!

எங்கள் வகுப்பாசிரியை, கணக்கு டீச்சர் ஜெபசெல்வி, உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “மாரி, நீ மொத பெஞ்சுக்கு வா. ஏ பேச்சி, நீ கடைசிக்குப் போ.”

“எத்தன நாளைக்கு டீச்சர்?”

“பெஞ்சு சரியாவுற வரைக்கும். சரியாச்சுன்னா பழைய எடம்.”

செய்தி இரண்டு. மூன்றாம் பீரியடின்போது ஒரு புதுப் பையன் அவன் அப்பாவோடு வந்து சேர்ந்தான். தூத்துக்குடிக்காரன். அப்பாவுக்கு நம்மூர் லேத் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறதாம். பெயர் கிளிட்டஸ். முதல் பெஞ்சில் மாரிக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே உட்கார வைத்துவிட்டார்கள். ‘கிளி’ என்று நான் உடனே பெயர் வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து சத்தம் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

மதியம் மாரிக்குச் சோறு இல்லை. நான் என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைசியிலிருந்து முன்னால் வருவதற்குள் கிளி தன் டப்பா மூடியில் பாதியைப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

எனக்குப் பொறாமையா? எனக்கெதற்கு.

பி.கு.: என் ஜியாமெட்ரி பாக்ஸ் இன்று கொஞ்சம் கனமாக இருக்கிறது. படிப்பின் பாரம்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

கடைசி பெஞ்சில் எனக்கு வாய்த்த துணை ஆவுடையப்பன். காலையில் வந்ததும் ஒரு கொட்டாவி விடுவான். அது முடியும்போது மணி நான்கு அடித்திருக்கும். அவனுக்குக் ‘கொட்டாவுடையப்பன்’ என்று பெயர் சூட்டினேன். அற்புதமான பெயர். கேட்பதற்கு அவன் விழித்திருக்கவில்லை.

வரலாற்றுக்காக ஒன்றைக் குறித்துவைக்கிறேன். போன வாரம் டீச்சர், “இந்தச் சமன்பாட்டுக்கு மெய்யான மூலம் ரெண்டு இருக்கு” என்றார். “ரெண்டு மூலம் இருந்தா உக்காரவே முடியாதே டீச்சர்” என்று எழுந்து நின்று சொன்னது யார்? இந்தப் பேச்சிமுத்து. ‘அ’ பிரிவிலிருந்து அறிவியல் சார் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பு. டீச்சரே பலகைப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கினார். பிறகுதான் என்னை வெளியே நிறுத்தினார். எட்டாம் வகுப்பிலிருந்து இப்படி எத்தனை! தலைமுறைகள் பேசும்.

இந்த வாரம் புதுப் பாடம். ஒருபடிச் சமன்பாடு ஒன்று, இருபடிச் சமன்பாடு ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து விடை காண வேண்டும். வரைந்து பார்த்தால் ஒன்று நேர்கோடு, வளைந்து நெளியாமல் போகிற ஆள். இன்னொன்று வளைவு. இருவரும் எங்கே சந்திக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வழி, பிரதியிடல் முறை. அதாவது y என்று ஒருவன் பல வருடமாக உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அவனைத் தூக்கிவிட்டு, அங்கே x சம்பந்தப்பட்ட எதையாவது உட்கார வைப்பது. y எங்கே போனான், கடைசி பெஞ்சில் எப்படி இருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை.

“y-க்குப் பதிலா இதப் பிரதியிடுங்க” என்று டீச்சர் சொன்னபோது முதல் பெஞ்சைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு y மேல் பரிதாபமாக இருந்தது.


ஆகஸ்ட் 6, புதன்

இன்று மதியமும் அவர்கள் இருவரும் வேப்பமரத்தடியில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். நான் அந்தப் பக்கமாகத் தண்ணீர் குடிக்கப் போனேன். (குழாய் வேறு பக்கம். அது இங்கே முக்கியமில்லை.)

“வா பேச்சி, உக்காரு” என்றான் கிளி. “சாள மீனுக் கொழம்பு. எங்கம்மா வச்சது.”

“நான் வெரதம்” என்றேன்.

மாரி தலையைத் தூக்கினான். “என்னைக்குல இருந்து?”

“இப்பலருந்து. ஆடி மாசம்லா.”

மாரி மறுபடி டப்பாவுக்குள் குனிந்துகொண்டான். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் என்னோடு உட்கார்ந்து கோழிக்கால் கடித்தவன் அவன். குழம்பு வாசனை தண்ணீர்க் குழாய் வரைக்கும் என் பின்னாலேயே வந்தது.

பிற்பகல் தலைமையாசிரியரிடமிருந்து சுற்றறிக்கை. சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். உடைந்த மேசை, பெஞ்ச் எல்லாவற்றையும் பதினான்காம் தேதி பழைய இரும்புக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போவார். மூன்றாம் பெஞ்ச் இப்போது மாடிப்படிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து மூன்று காலில் நிற்கிறது.

இசக்கி அண்ணாச்சியிடம் போனேன். “கடையில ஒரு போல்ட்டு வாங்கிப் போட்டா என்ன அண்ணாச்சி?”

“ஏ தம்பி, இது பழைய மாடலுல்லா. இந்த அளவு இப்ப எந்தக் கடையிலயும் கெடையாது. அதே போல்ட்டு வந்தாத்தான் உண்டு.”

ஆக, பதினான்காம் தேதிக்குள் போல்ட் வராவிட்டால் பெஞ்ச் போச்சு. பெஞ்ச் போனால் பழைய இடமும் போச்சு. மாரி இந்த வருடம் முழுக்க முதல் பெஞ்ச், நான் கொட்டாவி.

போல்ட் வைத்திருப்பவர் கொண்டுவந்து கொடுத்தால் தீர்ந்தது என்று தோன்றும். அது அவ்வளவு சுலபமில்லை. உதாரணத்துக்கு ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெஞ்ச் லேசாக ஆடும், மாரி பதறி எழுந்திருப்பான், இரண்டு நாளைக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்து அப்பாவின் வண்டி ஸ்பானரால் காலையிலேயே வந்து கழற்றியவர். பெஞ்ச் ஒரேயடியாகக் கவிழும் என்று அவர் நினைக்கவே இல்லை. முழங்கை ரத்தத்தைப் பார்த்த பிறகு அவர் எப்படிப் போய், “இந்தா மாரி, நான்தான்” என்று சொல்வார்?

பொதுவாகச் சொல்கிறேன்.


ஆகஸ்ட் 7, வியாழன்

“மாரி மாறிட்டான்” என்று ஆவுடையப்பனிடம் சொன்னேன். தூக்கத்திலேயே “ம்” என்றான்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று கடைசி பெஞ்சின் பொற்காலம் தொடங்கியது.

டீச்சர் ஒரு கணக்குப் போட்டார். ஒவ்வொரு பெஞ்சும் சேர்ந்து ஒரே விடைத்தாள் கொடுக்க வேண்டும்.

x + y = 7
x² + y² = 25

என் பெஞ்சில் பாதி தூங்கிக்கொண்டிருந்ததால் நான் தனியாகவே இறங்கினேன். y இருந்த இடத்தில் 7 − x. பாவம் y, மறுபடியும் வெளியேற்றம். விரித்து, சுருக்கி, பார்த்தால் x² − 7x + 12 = 0. x என்றால் 3, இல்லாவிட்டால் 4. இதுவரைக்கும் எல்லோரும் வந்திருப்பார்கள்.

இங்கேதான் பேச்சிமுத்துவின் மூளை. இந்த 3-ஐ எதில் போட்டு y-ஐக் கண்டுபிடிப்பது? x + y = 7-ல் போட்டால் ஒரே ஒரு y வரும். அது சின்னப் பிள்ளைகள் கணக்கு. நான் பெரிய சமன்பாட்டில் போட்டேன். 9 + y² = 25. அப்படியென்றால் y² = 16. அப்படியென்றால் y 4-ஆகவும் இருக்கலாம், −4-ஆகவும் இருக்கலாம்! அதேபோல x = 4 என்றால் y 3-ம் உண்டு, −3-ம் உண்டு. மொத்தம் நான்கு விடை.

முதல் பெஞ்ச் மாரியும் கிளியும் எழுதியது எத்தனை தெரியுமா? இரண்டு.

“டீச்சர், மொத பெஞ்சுக்கு ரெண்டு, கடைசி பெஞ்சுக்கு நாலு!” என்று எழுந்து அறிவித்தேன்.

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. “திங்கக்கெழம பாப்போம். எல்லாரும் சரிபாத்துட்டு வாங்க.”

வாசலில் மாரி எனக்காக நின்றான். இந்த வாரத்தில் அவன் எனக்காக நின்றது இதுதான் முதல் தடவை. “பேச்சி, ரெண்டுலயும் போட்டுப் பாத்தியால?”

“ஒங் கிளியப் பாக்கச் சொல்லு” என்றேன்.

இன்னும் ஏதோ சொல்ல வந்தான். நான் விசிலடித்துக்கொண்டு போய்விட்டேன். வெற்றி பெற்றவர்கள் அப்படித்தான் போவார்கள்.


ஆகஸ்ட் 9, சனி

அம்மா கோதுமையை அரைத்துவரச் சொல்லித் தூக்குவாளியைக் கையில் கொடுத்தாள். கூடவே ஒரு கேள்வி. “ஏல, மாரிய எங்க? ஒரு வாரமா ஆளக் காணும். சண்டையா?”

“அவனுக்குப் புதுக் கூட்டாளி கெடச்சிட்டான்.”

“அதுக்கு நீ ஏம்ல மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?”

என் முகம் இயல்பிலேயே அப்படி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாவு மில்லுக்குப் போகும் வழியில்தான் அந்த லேத் பட்டறை. உள்ளே கிளியின் அப்பா. அவருக்கு இருபுறமும் கிளியும் மாரியும். மாரி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து ஏதோ அளவு காட்டிக்கொண்டிருந்தான். பேசிக்கொண்டும் இருந்தான்! என்னைத் தவிர இன்னொருவரிடம் மாரி மூன்று வார்த்தைக்கு மேல் பேசி நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும் அவன் கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

“எங்கல போற?” என்றான்.

“மாவு திரிக்க. நீ?”

“சும்மாதான்.”

சும்மா! ஊருக்கெல்லாம் சொல்கிற சும்மாவை மாரி என்னிடம் சொன்னதே இல்லை. இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் பொருந்துகிறது: இருவரும் எனக்குத் தெரியாமல் எதையோ செய்கிறார்கள், நடுவில் என்னைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறார்கள்.

திரும்பி வரும்போது கொஞ்சம் மாவு பறந்து கண்ணில் விழுந்துவிட்டது. இரண்டு கண்ணிலும்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆற்றுக்குக் குளிக்கப் போகவில்லை. தனி ஆளுக்கு ஆறு எதற்கு, வீட்டுக் குழாயே போதும்.


ஆகஸ்ட் 11, திங்கள்

“யாருல நாலு விட?” என்றார் டீச்சர்.

எழுந்து நின்று வகுப்புக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

“மாரி, வந்து சரிபாரு.”

மாரி பலகைக்கு முன்னால் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். “எழுதுப்பா” என்று டீச்சர் சொன்ன பிறகுதான் எழுதினான். 3 + (−4) = −1. “ஏழு வரணும் டீச்சர்” என்று பலகையைப் பார்த்தே சொன்னான். பிறகு 4 + (−3) = 1. இரண்டையும் அடித்துவிட்டு உட்கார்ந்தான்.

“பாத்தியா? ஒண்ணுல பொருந்துச்சுன்னு விட்டுரக் கூடாது, ரெண்டுலயும் பொருந்தணும்” என்றார் டீச்சர். “இந்த ரெண்டும் விட இல்ல. விட மாதிரி வேசம் போட்டுட்டு வந்ததுக. பேச்சிகிட்ட ஆளு பாத்து வந்திருக்குதுக.”

வகுப்பு சிரித்தது. ஆவுடையப்பன்கூட எழுந்து சிரித்துவிட்டுத் திரும்பப் படுத்தான். எல்லோரும்தான் சிரித்தார்கள், எனக்குக் கிளியின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது.

வகுப்பு என்னால் சிரிப்பது வேறு. என்னைப் பார்த்துச் சிரிப்பது வேறு. முந்தையதற்கு நான் பழக்கப்பட்டவன்.

இடைவேளையில் எல்லோரும் வெளியே போனபோது நான் ஒரு புதுக் கணக்குப் போட்டேன். போல்ட் கிடைத்துவிட்டால் பெஞ்ச் சரியாகிவிடும். அது யாருடைய பாக்ஸில் கிடைக்கிறதோ அவன்தான் கழற்றினவன். மாரியின் முழங்கையை உரித்தவன் பக்கத்தில் மாரி ஒரு நிமிடம்கூட உட்கார மாட்டான். நேராகப் பழைய இடத்துக்கு வந்துவிடுவான். ஒரே பிரதியிடலில் எல்லாம் தீர்ந்தது. எவ்வளவு அழகான கணக்கு!

என் ஜியாமெட்ரி பாக்ஸ் இப்போது லேசாகிவிட்டது.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

வரைபடப் பாடம். கிளி பென்சில் எடுக்கப் பாக்ஸைத் திறந்தான். போல்ட் உருண்டு, மேசையிலிருந்து விழுந்து, கணகணவென்று டீச்சர் காலடிக்கே போய் நின்றது.

“ஏ, நம்ம பெஞ்சு போல்ட்டு!” என்று ஒரு குரல் கடைசியிலிருந்து வந்தது. நல்ல கணீரென்ற குரல். பிறகு வகுப்பே பிடித்துக்கொண்டது. “போல்ட்டு! போல்ட்டு!” யாரோ “களவாணி” என்றார்கள். அது நான் இல்லை. ஆனால் தொடங்கி வைத்தது யார் என்று கேட்டால்…

கிளி எழுந்து நின்றான். “நான் எடுக்கல டீச்சர். இது எப்பிடி உள்ள வந்துச்சுன்னே எனக்குத் தெரியாது.” அவன் உதடு கோணிக்கொண்டு போனது. பத்தாம் வகுப்புப் பையன் வகுப்பில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான், கண் கேட்கவில்லை.

அப்போது மாரி எழுந்தான். தானாக எழுந்து மாரி வகுப்பில் பேசியதை இந்தப் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை.

“டீச்சர், பெஞ்சு விழுந்தது மொத பீரியடு. இவன் அன்னைக்கு மூணாம் பீரியடுதான் இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளயே வந்தான். இவன் எப்பிடிக் கழட்டிருப்பான்?”

டீச்சர் குனிந்து போல்ட்டை எடுத்தார்.

“அப்ப யாரு?” என்றார் டீச்சர்.

“தெரியாது டீச்சர்” என்றான் மாரி.

அவன் எல்லாப் பக்கமும் பார்த்தான், என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. அதனால்தான் எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் அவன் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது போய் நின்றேன். ஏதாவது வேடிக்கையாக ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. அவன்தான் பேசினான்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்ல. தூக்கிவிடும்போது ஒங் கையெல்லாம் கிரீஸு. எஞ் சட்டையில ஒட்டிருந்துச்சு.”

“அப்பறம் ஏம்ல சொல்லல?”

“நீ வந்து சொல்லுவன்னு பாத்தேன். வெள்ளிக்கெழம வரைக்கும் பாத்தேன். நீ சொல்ல மாட்டன்னு தெரிஞ்சு போச்சு. அதான் கிளிட்டஸ் அப்பாகிட்ட புதுசு ஒண்ணு கடைஞ்சு தாங்கன்னு போய் நின்னேன். பழசு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிருக்கேன். ரெண்டு தடவ கடைஞ்சாரு, அளவு சரியா வரல.”

சனிக்கிழமை அவன் விரலால் காட்டிய அளவு என்னவென்று இப்போது தெரிந்தது. கை ஏன் முதுகுக்குப் பின்னால் போனது என்றும்.

“நான் விழுந்ததுக்குக் கோவம் இல்லல” என்றான். “நாம வெளையாடாததா? அவன் என்னல பண்ணுனான் ஒனக்கு? ஊருக்கு வந்து ஒரு வாரந்தான் ஆவுது. களவாணின்னு பேரு வாங்கிக் குடுத்துட்ட.”

சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான். மணியடிக்காமல் போனான். எப்போதும் தெருமுனையில் எனக்காக ஒரு மணி அடிப்பான்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். நான்காம் தேதிப் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்: மூன்றாம் பீரியடின்போது ஒரு புதுப் பையன் வந்தான் என்று. என் அழகான கணக்கை ஒன்றில் போட்டேன், பொருந்தியது. இன்னொன்றில் போட்டே பார்க்கவில்லை.


ஆகஸ்ட் 13, புதன்

கிளிட்டஸ் இன்று வரவில்லை.

“கழட்டுனவன், பாக்ஸுல வச்சவன் யாருன்னு தெரியாம அந்தப் பெஞ்சு இந்த வகுப்புக்குள்ள வராது” என்று டீச்சர் சொல்லிவிட்டார். போல்ட் அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நாளை இரும்புக்காரர் வருகிறார்.

முதல் பெஞ்சில் மாரிக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. ஒன்பது நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்த இடம். போய் உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியைப் பற்றி மேற்கொண்டு எழுத விருப்பமில்லை.


ஆகஸ்ட் 14, வியாழன்

கிளிட்டஸ் வந்தான். உள்ளே நுழையும்போதே இரண்டாம் பெஞ்சில் யாரோ “போல்ட்டு” என்று முணுமுணுத்தார்கள்.

நான் நன்றாகத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். ‘ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால்’ என்று தொடங்கி, நடுவில் இரண்டு இடத்தில் சிரிப்பு வரும்படி, முடிக்கும்போது கைதட்டல் வரும்படி. எழுந்து நின்றதும் எல்லாம் எங்கோ போய்விட்டது.

“நான்தான் டீச்சர்.”

“எது?”

“ரெண்டும். கழட்டுனதும் நாந்தான். கிளிட்டஸ் பாக்ஸுல வச்சதும் நாந்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. நான் பேசி யாரும் சிரிக்காமல் இருந்ததில் இது ஒன்றுதான் நியாயமானது.

“மொதல்ல கழட்டுனது வெளையாட்டுக்குன்னு வச்சுக்குவோம். அவன் பாக்ஸுல எதுக்குல வச்ச?”

“எனக்குப் பழைய எடம் வேணும் டீச்சர்.”

ஆவுடையப்பன் முழுசாக விழித்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்து உட்காரச் சொன்னான். நான் உட்காராமல் முதல் பெஞ்சுக்குப் போய், “மன்னிச்சிருப்பா” என்றேன்.

கிளிட்டஸ் நிமிர்ந்தான். “நீ மொதல்லயே கேட்டிருந்தா நான் எந்திரிச்சிருப்பேன்ல” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அடித்திருக்கலாம்.

டீச்சர் இழுப்பறையைத் திறந்து போல்ட்டை என் கையில் வைத்தார். “போ. இரும்புக்காரர் வாரதுக்குள்ள நீயே மாட்டு.”

மாடிப்படிக்குக் கீழே நானும் இசக்கி அண்ணாச்சியும். வெளியே இரும்புக்காரரின் குட்டியானை வண்டி வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. காலைத் தூக்கிப் பிடித்தால் போல்ட் நுழையவில்லை, போல்ட் நுழைந்தால் கால் நழுவியது. அண்ணாச்சி வாயில் வராத வார்த்தை எல்லாம் வந்தது. அப்போது பின்னாலிருந்து இன்னொரு ஜோடிக் கை வந்து காலைப் பிடித்தது. கிளிட்டஸ். “கொஞ்சம் மேல தூக்கு. ம், இப்பத் திருவு” என்றான். பட்டறைக்காரன் மகன் அல்லவா, பிடித்த பிடியில் கால் அசையவில்லை. இன்னொரு பக்கத்தை யாரோ தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. முழங்கையில் பொருக்குத் தட்டிய புண் தெரிந்தது, அது போதும்.

தீர்ப்பு: மூவரும் மூன்றாம் பெஞ்ச். நடுவில் கிளிட்டஸ்.


ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். மாரி இன்னும் என்னோடு பேசவில்லை. நான் நீட்டிய மிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டான்.


ஆகஸ்ட் 18, திங்கள்

மதியம் வேப்பமரத்தடியில் சாளைக் குழம்பு. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினேன்.

“வெரதம்?” என்றான் கிளிட்டஸ்.

“ஆடி முடிஞ்சிட்டுல்லா.”

மாரி தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டான். அவன் காது ஆடியது. அவன் சிரித்தால் அப்படித்தான் தெரியும்.

பிற்பகல் கணக்குப் பாடம். “x, y எல்லாம் மாறி. மதிப்பு மாறிக்கிட்டே இருக்கும்” என்றார் டீச்சர். “அப்ப மாறிலின்னா என்னல? பேச்சி, நீ சொல்லு.”

எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. அப்போது மாரி குனிந்து கிளிட்டஸின் காதில் ஏதோ சொன்னான். கிளிட்டஸ் அதை அப்படியே என் பக்கம் கடத்தினான்.

“மாரி-இலி டீச்சர்” என்றேன். “மாரி இல்லாத ஆளு. போன வாரம் பூரா கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தாம்லா, அவன்.”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ற, ர வித்தியாசம் பார்க்கிற டீச்சரே பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

இனி, எழுதாமல் விட்டதையும் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் எனக்குப் பொறாமை இல்லை என்கிற மாதிரி எழுதிய இடங்களை எல்லாம் மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஓரிடத்திலும் பொருந்தவில்லை. கண்ணில் விழுந்த மாவு உட்பட.

அப்புறம், அந்த இரண்டு மூலம் ஜோக் என்னுடையது இல்லை. மாரியுடையது. எட்டாம் வகுப்பிலிருந்து இந்த வகுப்பு சிரித்த எல்லாமே மாரி என் காதில் சொன்னதுதான். எழுந்து நின்று சொல்ல அவனுக்குக் கூச்சம். எனக்கு அது கிடையாது, அதனால் நான் சத்தமாகச் சொன்னேன். சிரிப்புத் துறை முழுக்க அவ்வளவுதான். என் சொந்தத் தயாரிப்பு என்று பார்த்தால் ‘கிளி’, ‘மாரி மாறிட்டான்’, ‘கொட்டாவுடையப்பன்’. யாரும் சிரிக்காதவை.

வீட்டுக்கு வரும் வழியில் கிளிட்டஸிடம் கொட்டாவுடையப்பனைச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தான். எனக்காகச் சிரித்த சிரிப்பு, அது எனக்கே தெரிந்தது. ஆனாலும் சிரித்தான்.